தெரிந்தே திறந்த தண்ணீர்

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்த கணவன் செத்துப்போனதும் அந்த வேலை அவளுக்கு வந்தது. அவள் உயரத்துக்கு இருந்த இரும்புச் சாவியை வால்வுக் குழிக்குள் விட்டுத் திருகி, நான்கு தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். முதல் வாரம் உள்ளங்கை கொப்பளித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றாள். பதினோரு வருடத்தில் ஊருக்கே அவள் வால்வக்கா ஆகிவிட்டாள்.

அந்த வருட மழைக்குப் பிறகு கடைசித் தெருத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. குழாயடியில் கையில் பிடித்து முகர்ந்தவளுக்குக் குமட்டியது. நேரே ஓவர்சீயரிடம் போய்ச் சொன்னாள். பைப்பு மாற்ற எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்ன அவர், குடை விரிப்பதிலேயே கவனமாக இருந்தார்.

"அதுவரைக்கும் தெறந்து விடும்மா. தண்ணி நின்னா ரோட்டுல உக்காந்துடுவாங்க."

அவளும் திறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். ஐந்தாம் நாள் அதே தெருத் தையற்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கேட்டதும் வால்வக்கா குழியடிக்கு ஓடினாள். அன்றே யாரையும் கேட்காமல் கடைசித் தெரு வால்வை இறுக மூடி, சாவியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

மறுநாளே குடத்தோடு வாசலில் வந்து நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஓவர்சீயர் வேலையே போய்விடும் என்று மிரட்டினார். மகள்கூட, "ஊரோட ஏம்மா மல்லுக்கு நிக்கிற?" என்று அழுதாள். அவளோ, தோண்டிப் பார்க்காமல் சாவியைத் தரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

வேறு வழியில்லாமல் தோண்டினார்கள். கக்கூஸ் பைப்பு உடைந்து, அந்தச் சகதிக்குள்ளேயே குடிநீர்க் குழாய் இணைப்பு விட்டுக் கிடந்தது. ஏசியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

ஒரே வாரத்தில் புதுக் குழாய் வந்தது. அனுமதியில்லாமல் மூடியதற்கு அவளுக்கு மெமோவும் வந்தது. தெருக்காரர்கள் இப்போது அவளைக் கும்பிட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் தையற்கடைக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, நாத்தம் அடிச்சது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் தெறந்து விட்டேன்."

மிஷின் நின்றது. அவர் ஊசியில் மாட்டியிருந்த துணியை விடுவித்து, மடிப்பைச் சரிசெய்து மறுபடி வைத்தார்.

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்மா."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

புதுக் குழாயில் தண்ணீர் கண்ணாடியாட்டம் வருகிறது. தெருவே வரிசையில் நின்று பிடிக்கிறது. தையற்காரர் மட்டும் இரண்டு தெரு தள்ளிப் போய், கைப்பம்பில் அடித்துச் சுமந்து வருகிறார். வழியில் வால்வுக் குழியருகே அவள் குனிந்திருந்தால், குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறார்.