எங்கள் வீட்டுக்கு முழு ஐஸ் பாளம் வந்த நாள்

காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஐஸ் எப்படி வருகிறது என்பதை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். கண்ணாடித் தம்ளரில் துண்டாக வந்தால் விருந்தாளி. கைக்குட்டையில் சுற்றி வந்தால் யாருக்கோ கடுமையான காய்ச்சல். மரத்தூள் தூவி, கோணியில் சுற்றி, முழுப் பாளமாக மூன்று சக்கர வண்டியில் வந்தால் அந்த வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார், இனி எழுந்திருக்க மாட்டார், தூரத்து மகன் வந்து சேரும்வரை கெடாமல் இருக்க வேண்டும் என்று பொருள். இது தெரியாதவன் ஊரில் கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவன் மூளைக்கு எது எப்போது ஞாபகம் வந்திருக்கிறது?

அறுபதுகளின் கடைசி அது. நாற்பதைத் தாண்டிய நான், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துப்போடும் ஆளாக இருந்தேன். வெள்ளை விரித்த மெத்தையில் உட்கார்வது, எழுவது, அலமாரியில் உருவுவது, திரும்ப உட்கார்ந்து முந்தானையை விசிறுவது. இதுதான் வேலை. ஒரு கோடையில், மதியம் ஆனால் கால்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தின. கண்ணும் மங்கும். அரக்குப் புடவையை எடுத்து நீட்டி "காப்பிக்கொட்டைக் கலர்" என்பேன். ஒருநாள் கால் மடங்கி ஒரு சம்பந்தி அம்மாளின் பாதத்திலேயே குப்புற விழுந்தேன். அந்த அம்மாள், வியாபாரத்துக்காக ஒரு மனுஷன் காலில் விழுவதா என்று இளகி, கூடுதலாக ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனாள்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாய ஊதுபா."

ஊதினேன்.

"பல்பொடி வாசனதான் வருது. அப்ப கால் ஏன் பின்னுது?"

"தெரியல முதலாளி."

"ஒருநாள் வுழுந்தா வியாபாரம். தெனம் வுழுந்தா கட பேரு கெட்டுடும். மதுவிலக்கு இருக்கிற ஊருல நீ எங்க போயி குடிக்கறேன்னு எனுக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன். நிறுத்திடு."

நான் குடித்ததே இல்லை. குடித்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

விழுவது நிற்கவில்லை, வேலைதான் நின்றது. நானும் மனைவியும் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே என்னை ஒரு வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தார்கள். இவ்வளவு உபசாரமா என்று நான் சாய்ந்துகொண்ட கொஞ்ச நேரத்தில் கால்கள் இரண்டும் இருந்த இடமே தெரியவில்லை. "டாக்டர், கால் கரைஞ்சிபோச்சு" என்று கத்தினேன். டாக்டர் சந்தோஷமாக ஏதோ எழுதிக்கொண்டார். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றார். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு நீளமான பெயரில் ஒரு வியாதியா என்று கொஞ்சம் கௌரவமாகக்கூட இருந்தது. நரம்பின் மேலிருக்கும் உறை உரிகிறது, சூடு ஏறினால் செய்தி வழியிலேயே நின்றுவிடுகிறது என்று விளக்கினார். எனக்கு ஜரிகை ஞாபகம் வந்தது. உள்ளே பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளித் தகடு. தகடு விட்டுப்போன ஜரிகையை நெய்ய முடியாது, விற்கவும் முடியாது. அன்று சாயங்காலமே மனைவியிடம் என் கடைசி ஆசைகளைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அத்த நாளைக்கு சொல்லுங்க. அடுப்புல சோறு கொதிக்குது" என்றாள்.

உயிர் கொடுத்தவர் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மாள். இடுப்புவரை குளிர்ந்த தண்ணீரில் உட்கார வேண்டும், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குளிரவைக்க வேண்டும், உடம்பு ஆறியதும் துடைத்துக்கொண்டு நடைப் பயிற்சி செய்ய வேண்டும். "நோய் போகாது. கொஞ்ச நேரம் தள்ளி நிக்கும். அந்த நேரத்துல காலுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்க" என்றார்.

கிணற்றுத் தண்ணீரில் ஆரம்பித்தேன். தை, மாசியில் நன்றாகவே நடந்தது. தோட்டத்திலிருந்து தெருக்கதவுவரை சுவரைத் தொடாமல் போய் வந்தேன். முதலாளி சொல்லி அனுப்பினார்: "வைகாசி முகூர்த்தத்துக்கு எனுக்கு ஆள் வேணும். மதியம் சுவரப் புடிக்காம நடந்தா வரட்டும். இல்லன்னா மருமவப்புள்ளைய உக்கார வெச்சிடுவேன்." மருமகப்பிள்ளைக்கு மாம்பழக் கலருக்கும் எலுமிச்சைக் கலருக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் ஒருமுறை உட்கார்ந்தால் எழவும் மாட்டார்.

சித்திரை வந்தது. கிணற்றுத் தண்ணீரே ரசம்போல் இருந்தது. கால்கள் பழையபடி பஞ்சாயின. வைகாசிக்கு மிச்சமிருந்த நாட்களைக் காலண்டரில் எண்ணிப் பயந்தேன். "முழுப் பாளமா ஐஸ் வாங்கிடலாம்" என்றேன். மனைவி ஐஸ் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினாள். எங்கள் வீட்டு அண்டாவில் பாளம் நுழையாது என்பதால், அடுத்த தெருச் சாயக்காரரிடம் பட்டுக்குச் சாயம் காய்ச்சும் பெரிய தாமிர அண்டாவை இரவல் வாங்கினோம்.

ஐஸ் வந்தபோது நான் நடையில், முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கால்களைச் சேர்த்து நீட்டி, அசையாமல் படுத்திருந்தேன். அசைந்தால் சூடு ஏறும் என்று எனக்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தேன். வண்டிக்காரர் வாசலில் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அது துண்டுக்கடியில் எனக்குத் தெரிந்தது. நோயாளிக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன்.

"பையனுக்குத் தந்தி குடுத்தாச்சாமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எங்களுக்குப் பையன் இல்லப்பா. ஒரே பொண்ணு. திருவள்ளூர்ல கட்டிக்குடுத்திருக்கோம்" என்றாள் மனைவி. இதை இவர் ஏன் கேட்கிறார் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பாளம் கரைந்துகொண்டிருந்தது.

"அடப் பாவமே. பாளத்த எங்க வெக்கறது?"

"தோட்டத்துல, அண்டாவாண்ட வெச்சிடு. அதுலதான் இவர உக்கார வெக்கணும்."

வண்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். சில வீடுகளில் இறந்தவரை உட்காரவைத்தே எடுத்துப்போவார்கள். "ஒவ்வொரு வூட்டுக்கு ஒரு வழக்கம்" என்று சொல்லி, பாளத்தை இறக்கி, போகும்போது என் கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

போனவர் டீக்கடையில் நின்றிருக்கிறார்.

தோட்டத்தில் நான் செய்த முட்டாள்தனம் தனி. கொஞ்சம் கொஞ்சமாக என்றுதானே ஆஸ்பத்திரி அம்மாள் சொன்னார்? எனக்கு வைகாசி கண்ணுக்கு முன்னால் நின்றது. பாதிப் பாளத்தை உடைத்து அண்டாவில் தள்ளி, நானும் உள்ளே உட்கார்ந்தேன். அப்போது என் தொண்டையிலிருந்து வந்த குரல் நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டறியாத குரல். உச்சத்தில் ஆரம்பித்து, மூச்சு விட்டு, மறுபடி உச்சத்துக்குப் போனது. அது என் மனைவியின் குரல் என்று தெரு முடிவு செய்தது. என் சாவுக்கு முதல் ஒப்பாரி நான் வைத்ததுதான்.

மனைவி என்னை வெளியே இழுத்துப் போட்டாள். ஐஸைப் பாதி எடுத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, "இப்ப உக்காருங்க. சின்னப் புள்ள மாதிரி" என்றாள். உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல இன்னும் ஐஸ் போட்டாள். உடம்பு ஆற, கண்ணில் இருந்த மங்கல் விலகியது. மாமரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. தெருப்பக்கம் சளசளவென்று பேச்சு கேட்டது. கோயில் உற்சவம் ஏதோ என்று நினைத்தோம்.

எழுந்து துடைத்தபோதுதான் பார்த்தோம். அண்டாவின் உள்விளிம்பில் காய்ந்திருந்த சாயம் தண்ணீரில் இறங்கி, என் இடுப்புக்குக் கீழே கத்தரிப்பூ நிறம் பிடித்திருந்தது.

"போவட்டும், நடங்க. ஜில்லுனு இருக்கும்போதே நடங்க" என்றாள்.

நடந்தேன். சுவரைத் தொடவில்லை. நடையைக் கடந்து, தெருக்கதவைத் தொட்டுத் திரும்புவதுதான் வழக்கம். அன்று தெம்பாக இருந்ததால் கதவைத் திறந்தேன்.

தெரு நிறைய ஜனம். எதிர்வீட்டு அம்மாள் தலையை அவிழ்த்துப்போட்டு, பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டு, "நேத்துதானே என்னாண்ட மோர் வாங்கிக் குடிச்சிக்கினு போனாரு" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"நேத்து இல்லமா, முந்தாநாள்" என்றேன்.

கூட்டத்தின் முன்னால் என் முதலாளி, கடையைச் சாத்திவிட்டு, ஆளுயரச் சம்பங்கி மாலையோடு நின்றிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பயந்தால் தமிழ் வராது. "ஓரி தேவுடா" என்றார். பார்வை என் முகத்திலிருந்து இறங்கிக் கத்தரிப்பூக் கால்களுக்கு வந்ததும் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். தாமல் போகிற பஸ்ஸிலும் என் சாவு ஏறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. அந்த ஊரில் இருந்த என் சித்தப்பா, சேதி கேட்டுக் குளித்தே விட்டாராம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. "ஐஸு இவரு காலுக்குங்க. உசுரோட இருக்கறவரு காலுக்கு" என்றாள்.

அடுத்த சிக்கல் மாலை. சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது, உயிரோடு இருப்பவனுக்குப் போடவும் கூடாது, கீழே வைக்கவும் கூடாது என்று எதிர்வீட்டு அம்மாள் அழுகையை நிறுத்திச் சட்டம் சொன்னாள். மனைவி அதை வாங்கிக்கொண்டு போய், தோட்டத்தில் மிச்சமிருந்த ஐஸ் பாளத்துக்குச் சாத்திவிட்டு வந்தாள். அதுதானே சீக்கிரம் போகப் போகிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உச்சி வேளை. முதலாளி எதிரில். சுவர் எதையும் பிடிக்காமல் நிற்கிறேன்.

"முதலாளி, பாருங்க" என்று தெருவில் இறங்கினேன். பிள்ளையார் கோயில்வரை போனேன். கால் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் விழுந்தது. சிறுவயதில்கூட அவ்வளவு அழகாக நடந்ததில்லை. கோயிலருகே திரும்பி, பெருமையாக ஒரு கும்பிடு போட்டேன். அந்தப் பெருமைக்கு நின்ற நேரம்தான் வினை. சித்திரை வெயில் தலையில் இறங்கியது, தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. திரும்பி வருகையில் இடது கால் நழுவியது. வலது கால் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. முதலாளியின் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டு முகத்திலும் சந்தேகம். போச்சு, மருமகப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன். தெரு நடுவில் தள்ளாடிக்கொண்டு நின்றேன்.

மனைவி ஓடி வந்தாள். ஐஸ் துண்டுகளைப் புடவைத் துணியில் மூட்டை கட்டி என் பிடரியில் வைத்தாள், ஓர் ஈரத்துண்டைத் தலையில் போட்டாள், எதிர்வீட்டு நிழலுக்கு நகர்த்தினாள். ஜனம் முழுதும் காலையே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் முகம் ஒன்றாயிற்று. மறுபடி நடந்தேன், அவரிடம் வந்து நின்றேன்.

அவர் குனிந்து என் வாயருகே முகர்ந்தார். பழக்கம். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப நீ குடிக்கவே இல்லியா?"

"இல்ல முதலாளி."

"இத்தன மாசமா நான் உன்ன குடிகாரன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேனே" என்றார். அவருக்கு அது வருத்தமா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் தார் ரோட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வைகாசி ஒண்ணாந்தேதி வா. ஆனா ஐஸ் வண்டி என் கட வாசல்ல நிக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பொடவ எடுக்க வரவங்க பாத்தா அப்படியே திரும்பிப் போயிடுவாங்க."

அதற்கு வழி பூக்காரி. தினமும் கடையின் சாமி படங்களுக்குப் பூ கொண்டுவருகிறவள் கூடையில், வாழை இலைக்கு அடியில், மல்லிகைக்குக் கீழே என் ஐஸ் மங்களகரமாக வந்தது. மெத்தை ஓரத்தில் ஒரு தாழ்ந்த தொட்டி வைத்து, மேலே வெள்ளை விரிப்பை இழுத்துவிட்டு, அதில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கழுத்தில் ஈரத்துண்டு. அப்படியும் எல்லா மதியமும் கை கொடுத்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதல் முகூர்த்த நாள் மதியம், ஒரு பெண்வீட்டுக் கூட்டம் வந்தது. மேல்தட்டில் இருக்கும் அரக்குப் புடவை வேண்டும் என்றார்கள். எனக்கு அது அரக்காகவே தெரிந்தது. தொட்டியிலிருந்து காலை எடுத்தேன், எழுந்தேன், அலமாரிக்குப் போனேன், உருவினேன், திரும்பி வந்து உட்கார்ந்து முந்தானையை விசிறினேன். யாராவது கைதட்டுவார்கள் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தேன். எல்லாரும் முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மட்டும் கல்லாவிலிருந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மெத்தையெல்லாம் ஈரம் பண்றான்" என்று அதட்டினார்.