தக்கை கட்டிய சாவி

என் அக்காவைப் பற்றி அவள் பெற்ற மகளே நல்ல வார்த்தை சொல்வதில்லை. அப்பாவின் படகை விற்றுவிட்டு அதற்குப் பதில் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியவள், அவ்வளவுதான் அவளுக்கு அம்மா. படகுத்துறையில் பழகியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்கிறாள் அக்கா. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றுதான் என்னிடம் சத்தியம் வாங்கினாள். எழுதுவதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கேன்வாஸ். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கத்தினால் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளைக்கு வயிறு கலங்கும். அத்தான் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸைச் சாணைபிடித்து ஃபிரேமில் பொருத்தி, வந்தவர் மூக்கின் மேல் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு நூல் வளைக்கணும் என்று திரும்ப வாங்கிக்கொள்கிற ஆசாமி. ஊருக்கெல்லாம் கண் கொடுத்தவருக்குத் தன் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பது மனைவியா கதவா என்று தெரியாது. கல்யாணமான புதிதில் நானே ஒளித்துவைத்துச் சோதித்திருக்கிறேன்.

இரண்டு பேருக்கும் கடல் பைத்தியம். யாரோ வேண்டாம் என்று ஓரமாகக் கட்டிப்போட்டிருந்த பழைய படகு ஒன்றை வாங்கினார்கள். அது மிதந்ததே அதிசயம். முன்பக்கம் இரண்டு படுக்கை, நடுவில் ஒரு மேசை, ஓர் அடுப்பு, அத்தான் உள்ளே போனால் மடிந்து உட்கார வேண்டிய ஒரு கழிவறை. வயிறு அகன்ற படகு என்பதால் அதற்குக் குண்டம்மா என்று பெயர். விடுமுறை விட்டால் போதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு குண்டம்மாவில் ஏறித் தீவு தீவாகச் சுற்றுவார்கள். மகள் நடை பழகியது அதன் மேல்தளத்தில்தான். தரையில் விட்டபோதும் ரொம்ப நாள் காலை அகட்டி அகட்டித்தான் நடந்தாள்.

எனக்குப் படகென்றால் குமட்டல். கரையில் கட்டியிருக்கும்போதே வாந்தி எடுத்த ஒரே பயணி என்று அத்தான் என்னைத் துறை முழுக்க விளம்பரம் செய்திருந்தார். ஆனாலும் விடமாட்டார்கள். தையல் மெஷினை மூடவைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் திட்டிக்கொண்டே போவேன். தனியாக இருக்கிறவளை யாராவது இழுத்துக்கொண்டு போவது எனக்கும் வேண்டித்தான் இருந்தது.

அந்தப் படகில் ஒரே ஒரு சட்டம். யார் தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் சாவி அவர்கள் கழுத்தில் ஏறிவிட வேண்டும். படகுக்கு அடியில் சுழல்கிற விசிறியில் அறுந்த வலைத் துண்டும் பாசியும் அடிக்கடி சுற்றிக்கொள்ளும். ஆள் மூழ்கிப்போய் அதைக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். கண்ணாடியில்லாத அத்தானுக்கு அது ஆகாது, அதனால் எப்போதும் அக்காதான் இறங்குவாள். கீழே ஆள் இருக்கும்போது மேலே யாரும் தப்பித்தவறிக்கூட இன்ஜினைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக அத்தான் செய்த ஏற்பாடு இது. சாவியை நைலான் கயிற்றில் கோத்து, நழுவினாலும் மிதக்கட்டும் என்று ஒரு பெரிய தக்கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார். சாவி சுக்கானுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கினால் எல்லோரும் மேலே இருக்கிறோம். ஆணி காலியாக இருந்தால் ஒருவர் தண்ணீரில் இருக்கிறார். ஒருமுறை நான் பின்படியில் உட்கார்ந்து காலை நனைத்ததற்கே என் கழுத்தில் கொண்டுவந்து மாட்டினார். கரையில் எங்கேயாவது தொலைத்துவிட்டால் இருக்கட்டும் என்று இன்னொரு சாவி அடுப்புக்குக் கீழே இழுப்பறையில் கிடந்தது. அதை யாரும் எடுத்ததே இல்லை.

அத்தானுக்கு மறதி ஆரம்பித்தது கடையில். ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்தார். வலக்கண் லென்ஸை இடப்பக்கம் பொருத்தினார். ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்க வந்தோமா மூட வந்தோமா என்று தெருவிலேயே நின்றிருக்கிறார். டாக்டர் ஒரு பெயர் சொன்னார். இது கூடிக்கொண்டு போகும், குறையாது என்றார். அக்கா வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள், துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

ஆனால் படகில் ஏறினால் மனுஷர் சரியாக இருந்தார். முடிச்சு போடுவது, நங்கூரம் இறக்குவது, காற்று திரும்பினால் சுக்கானைத் திருப்புவது, எதிலும் பிசகில்லை. கை மறக்கவில்லை. அதனால் கடல்தான் அவருக்கு நல்ல இடம் என்று முடிவு கட்டினோம். கடையை உதவிக்கு இருந்தவரிடம் விட்டுவிட்டு இன்னும் அதிகமாகவே போனார்கள். எங்களுக்குப் புத்தி போன போக்கு அப்படி.

அது நடந்த நாளில் மகளுக்குப் பரீட்சை, வரவில்லை. ஒரு சின்னத் தீவின் ஓரமாக நங்கூரம் போட்டிருந்தோம். விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. அக்கா சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கத்தியோடு பின்படி வழியாக இறங்கினாள். நான் வழக்கம்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்படுக்கையில் கிடந்தேன். அத்தான் இழுப்பறையைத் திறந்து எதையோ துழாவுவது கேட்டது. கரண்டி தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு இன்ஜின் கிளம்பியது. சரி, அக்கா வேலையை முடித்துக்கொண்டு ஏறிவிட்டாள் போல என்று கண்ணை மூடினேன். அப்போது என் தலைமாட்டில் நங்கூரச் சங்கிலி விறைத்து முறுகுகிற சத்தம் வந்தது. நங்கூரத்தைத் தூக்காமல் யாராவது படகை எடுப்பார்களா? இது எனக்கே தெரியும்.

எழுந்து ஓடினேன். அத்தான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நின்றார். பக்கத்தில் அக்கா இல்லை. இன்ஜினில் இருந்த சாவியில் தக்கை இல்லை. நான்தான் எட்டி அணைத்தேன்.

அக்கா பின்படியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். சத்தம் கேட்டதுமே உதைத்து விலகியிருக்கிறாள். உடம்பு தப்பியது, குதிகால் தப்பவில்லை. கழுத்தில் தக்கையும் சாவியும் அப்படியே இருந்தன. ஆணி காலியாக இருப்பதைப் பார்த்த மனுஷர், ஆள் கீழே இருக்கிறது என்று நினைக்கவில்லை; சாவி தொலைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

நாங்கள் இரண்டு பேருமாகத்தான் அவளைத் தூக்கினோம். அத்தான் கை நடுங்காமல் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்து, “எப்படி ஆச்சு டீச்சர்?” என்று கேட்டார்.

அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு வலியிலும் அவள் யோசிக்கவே இல்லை.

“பாறையில சிப்பிங்க. கவனிக்காம கால வெச்சுட்டேன்.”

கவனமா இருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டார். எனக்கு அந்த நிமிடம் அவரைக் கடலில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. ஊசி பிடித்தே வயிறு வளர்த்தவள் நான், ஆஸ்பத்திரியில் அந்தக் காலைத் தைத்ததை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. குதிகால் நரம்பு போய்விட்டது, இனி ஓட முடியாது, தாங்கித் தாங்கித்தான் நடக்கலாம் என்றார்கள். மைதானத்திலிருந்து அக்காவை அலுவலக அறைக்கு மாற்றினார்கள். விசிலைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சத்தியம் வாங்கினாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் சொல்லாவிட்டாலும் மகளிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வாதாடினேன்.

“அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கு முழுக்க அழுவார்டி. மறுநாள் மறந்துடுவார். அப்புறம் யாராவது வாய்தவறிச் சொல்லுவாங்க, மறுபடியும் புதுசா அழணும். ஒரே தப்புக்கு அந்த மனுஷன் எத்தனை தடவை சாகறது?” என்றாள். “பாப்பாவுக்குத் தெரிஞ்சா அவ மூஞ்சி காட்டிக்கொடுத்துடும். படக வித்துடலாம். கடல் எனக்கு அலுத்துப்போச்சுன்னு சொல்றேன். என் மேல கோவம் வந்தா அது வெறும் கோவம்தானே, இருந்துட்டுப் போகட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தாள். படகு போதும், இனி மலையடிவாரத்தில் கூடாரம் போடலாம், ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டலாம். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டாக்டரும் உடம்புக்கு நல்லது என்கிறார். அத்தான் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நடக்கவே முடியாத கால வெச்சுக்கிட்டு மலைக்குப் போறியாம்மா? அப்பாவுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். நான் ஓட்டறேன், அவர் சும்மா உக்காந்துட்டு வரட்டும்.”

அதற்குத்தான் அக்கா பயந்தாள். சும்மா உட்காருகிற ஆளா அவர்? கண்ணிமைக்கிற நேரம் போதும், கை தானாக இன்ஜினுக்குப் போய்விடும். அடுத்த தடவை தண்ணீருக்குள் இருப்பது மகளாக இருக்கும். இதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், எனக்குக் கடலே பிடிக்கலை, விடு என்று மட்டும் சொன்னாள். மகள் வெடுக்கென்று எழுந்து போனாள். அதன் பிறகு தாயும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் சாவிக்கொத்தைப் பற்றியும்தான்.

வாங்க வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் கூட வந்திருந்தார்கள். குழந்தைகள் ஏறியதுமே படுக்கைகளைப் பங்கு பிரித்துக்கொண்டு சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். அத்தான் அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு திருகாகச் சொல்லிக் கொடுத்தார். ஒன்றையும் மறக்கவில்லை. கழிவறைக் கதவை எந்தப் பக்கம் தட்டினால் மூடும் என்பதுவரை சொன்னார். மகள் அவர் தோளோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். அக்கா தள்ளி, படகுத்துறைப் பலகையில் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

பேக்கரிக்காரர் இன்னொரு சாவி கேட்டார். அத்தான் இழுப்பறையைத் திறந்து பார்த்தார், கரண்டிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுப் பார்த்தார். இங்கேதானே இருந்தது என்றார். அது அந்தத் தீவோரமே கடலுக்குள் போய்விட்டது. போட்டவள் நான்.

“அம்மா தொலைச்சிருப்பா” என்றாள் மகள்.

“ஆமா, நான்தான் தொலைச்சேன்” என்றாள் அக்கா.

அத்தான் ஆணியிலிருந்து தக்கை கட்டிய சாவியை எடுத்தார். உடனே கொடுத்துவிடவில்லை. பேக்கரிக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, குழந்தைகளையும் வரிசையாக நிற்கவைத்து, கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பாரே, அதே நிதானத்தோடு சட்டத்தைச் சொன்னார். யார் தண்ணீரில் இறங்கினாலும் இது அவர்கள் கழுத்தில். அப்பாவானாலும் சரி, அம்மாவானாலும் சரி, காலை மட்டும் நனைத்தாலும் சரி. சின்னக் குழந்தையின் கழுத்தில் மாட்டிக் காட்டவும் செய்தார்.

“இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட நாங்க இதுல தவறினதில்ல. இல்ல டீச்சர்?”

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள்.

“ஒரு தடவகூட இல்லீங்க” என்றாள்.

பேக்கரிக்காரரின் மனைவி இறங்கும்போது அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, என்னாச்சு என்று கேட்டாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தானே பதில் சொன்னார். “சிப்பி கிழிச்சது. எத்தனை சொன்னாலும் பாத்துக் கால வெக்க மாட்டா. அதுக்குக் கடல் மேல கோவிச்சுக்கிட்டா.” மகள் தலையை ஆட்டினாள். குண்டம்மா நகர்ந்து வளைவு தாண்டிப் போகும்வரை அப்பாவும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வரும்போது வாடகைக் காரில் அக்கா மட்டும் முன்னால், டிரைவர் பக்கத்தில் இருந்தாள்; நாங்கள் மூன்று பேரும் பின்னால்.

இப்போது அந்த நீளச் சைக்கிள்தான். முன்னால் அக்கா, பின்னால் அத்தான். குதிகால் போன காலை வைத்துக்கொண்டு, மிதிப்பதில் பெரும்பங்கு அவளுடையது. அவர் பாதி வழியில் மிதிப்பதை மறந்துவிடுகிறார். மலையடிவாரத்துக்கும் போனார்கள். கூடாரத்திலிருந்து எழுந்து அவர் எந்தப் பக்கம் போனாலும் தரைதான், அது போதும் என்று அக்கா அங்கேதான் நன்றாகத் தூங்கினாளாம்.

ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது அவருக்கு. கடை போய்விட்டது. லென்ஸ், ஃபிரேம் என்ற சொற்களும் போய்விட்டன. என்னை யார் என்று சில நாள் கேட்கிறார். போன வாரம் மகளை வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். அவள் எனக்குப் போன் செய்து, படகு இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது சித்தி, அம்மாதான் காரணம் என்று அழுதாள். நான் அவளை வரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துகொள்வேன்.

நேற்று ஏரிக்கரையில் அவர்களோடு நானும் இருந்தேன். நடைபழக வந்த ஒருவர் அந்தச் சைக்கிளை அதிசயமாகப் பார்த்துவிட்டு நின்று, நன்றாயிருக்கிறதே என்றார். அத்தான் முன்னால் இருந்த முதுகைச் சுட்டிக் காட்டினார்.

“எங்கிட்ட ஒரு படகு இருந்தது சார். இவதான் வித்துட்டா.”

எல்லாம் மறந்துபோன மனுஷருக்கு அது மட்டும் மறக்கவில்லை. அக்கா திரும்பவில்லை. மணியை அடித்துவிட்டு, நல்ல காலால் மிதிக்க ஆரம்பித்தாள்.