அடுத்த பக்கத்தில் கூந்தல் தைலம்

நான் எழுதுவதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை என்று இதே பகுதியில் பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறேன். வாபஸ்! போன ஞாயிற்றுக்கிழமை காலை, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் முன்னால், என் கட்டுரையை நாலாக மடித்து மடியில் செருகியிருந்த ஒரு மனிதரைப் பார்த்தேன். பூரித்துப் போனேன். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

போன இதழில் இரண்டு புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ஒன்று நாவல். சந்தேகப்பட்டு அடித்து விரட்டிய கணவனை மூன்று வருஷம் கழித்துத் தேடிப் போய், அவன் காலில் விழுந்து சேர்ந்துகொள்கிறாள் ஒரு உத்தமி. பெண்ணின் பொறுமைக்கு இதைவிட உயர்ந்த முடிவு உண்டா, கண் கலங்கினேன் என்று எழுதினேன். மெய்யாகவே கலங்கினேன், பொய்யில்லை. இன்னொன்று மாடு வளர்ப்புப் புத்தகம். கோமாரிக்கு மருந்து, லாடம் அடிக்கிற முறை, காளைக்கு ஜோடி சேர்ப்பது... அதற்கு நாலே வரி. 'விஷயம் உண்டு, ரசம் இல்லை' என்று தீர்ப்பும் கொடுத்தேன். தீர்ப்புச் சொல்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

இப்போது எங்கள் வீட்டு வாசலில் மத்தியானங்களில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து கடலைக்காய் உரிக்கிறார்கள். விதைக் கடலை. பருப்பு உடையாமல் விரலால்தான் உரிக்க வேண்டும். கைக்கு வேலை இருக்கிறது, காது சும்மா இருக்கிறது. அந்தக் காதுகளுக்காக என் மனைவி அந்த நாவலை உரக்கப் படித்துவந்தாள். கதை முடிகிற அன்று நான் ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கதாநாயகி காலில் விழும் இடத்தில் விசும்பல் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கடலை ஓடு நொறுங்கும் சத்தம்தான் கேட்டது.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கதைப் பொண்ணு ஊர்ல துரும்பு கிள்ளிப் போடற வழக்கமில்லீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். பாவாயி என்று பெயர். இடது கை கோணல். ஆனால் உரிப்பதில் மற்றவர்களுக்கு அவள் சளைத்தவளில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாவாயியின் ஜனங்களில் புருஷன் பெண்டாட்டி ஒத்துவரவில்லை என்றால், ஊர்க் கூட்டத்தில் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளி அவள் கையில் கொடுத்துவிடுவான். தீர்ந்தது. பிறகு இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை.

"இல்லையாட்ட இருக்குது" என்றாள் என் மனைவி.

"பாவம். இருந்திருந்தா பத்துப் பக்கத்துல முடிஞ்சிருக்குமுங்க" என்றாள் பாவாயி, அடுத்த காயை எடுத்தபடி.

வாசலே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் கண் கலங்கிய இடத்தில் இவர்களுக்குச் சிரிப்பா? ரசனை இருந்தால்தானே என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம்தான் மனைவி விஷயத்தைச் சொன்னாள். பாவாயி புருஷன் வீட்டை விட்டு வந்து ஆறு மாதமாகிறதாம். நல்லான் என்கிற அந்தப் புருஷன் சந்தேகப் பேர்வழி, கை நீட்டுகிறவன். துரும்பு கிள்ளித் தீர்த்துவிடச் சொல்லி இவள் கேட்கிறாள். மாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கூட்டம் அவளைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டால் போயே ஆக வேண்டும்.

மறுநாள் நல்லானின் மாமன் என்னைத் தேடி வந்தார். "சாமி வந்து சும்மா ஒக்காந்தாப் போதுமுங்க" என்றார். படித்தவன் என்ற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன். சும்மா உட்காருவதில் என்ன நஷ்டம்?

போனேன். எல்லாரும் தரையில், எனக்கு மட்டும் கயிற்றுக் கட்டில். நான் காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்த பிறகு, மாமன் மடியிலிருந்து என் கட்டுரை அச்சான அந்தத் தாளை எடுத்தார். சேந்தமங்கலம் காப்பிக் கடையில் யாரோ படிக்கக் கேட்டு, கெஞ்சி வாங்கி வந்தாராம்.

"சாமியே எழுதியிருக்குதுங்க. அடிச்ச புருசங்கிட்டத் திரும்பிப் போறதுதான் பொம்பளைக்கு ஒசத்தின்னு அச்சுல போட்டிருக்குது. இதுக்கு மேல என்ன பேச்சுங்க?"

ஊர்ப் பெரியவர் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். "அப்படித்தானுங்களா, சாமி?" என்று என்னைக் கேட்டார்.

 அப்படித்தான். எழுதியது நான்தான். கீழே என் பெயர் வேறு இருக்கிறது... என்ன சொல்ல?

பாவாயி எழுந்தாள். "சாமி, ஒண்ணு கேக்கறனுங்க. அந்தக் கதையில அவ திரும்பப் போனாளே, அதுக்குப் பொறவு என்னாச்சுங்க? அம்மிணி அங்கியே நிறுத்திப்போட்டாங்க."

நிறுத்தியது என் மனைவி அல்ல. நாவலே அங்கேதான் முடிகிறது. காலில் விழுகிறாள், 'சுபம்'. அடுத்த பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம்.

"அதோட முடிஞ்சு போச்சு, பாவாயி. அப்பறம் என்னன்னு அதுல இல்லை" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள். கோணல் கையை முன்னால் நீட்டினாள். "மொத தரம் அவன உட்டு வந்தப்ப, பொறுத்துக்கோன்னு எல்லாருஞ் சொல்லித் திரும்பிப் போனனுங்க. இது அதுக்குப் பொறவு ஆனது."

 எனக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. எழுந்து நின்றேன். "நான் எழுதினது தப்பு. அதை வெச்சு யாரும் தீர்ப்புச் சொல்லாதீங்க. இவளை அனுப்பினா கை மட்டும் போகாது" என்றேன்.

"அச்சுல வந்ததுங்களே!" என்றார் மாமன், விடாமல்.

"தப்பும் அச்சுல வரும்" என்றேன்.

உச்சிப் பொழுது வரைக்கும் பேச்சு நடந்தது. கடைசியில் நல்லான் கோயில் பந்தலிலிருந்து ஒரு துரும்பை உருவிக் கிள்ளினான். அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். பாவாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவளை மாட்டிவிடப் பார்த்ததே நான்தானே.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி மாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தாள். ஒத்துவராத காளைகளை ஒரே நுகத்தில் பூட்டாதே, அடித்துப் பழக்கலாம் என்று நினைக்காதே என்று அரைப் பக்கம் எழுதியிருந்தது. நான் தாண்டிப்போன பக்கம்!

"மாட்டுப் புஸ்தகம் எழுதுனவரு மாட்டப் பார்த்திருக்காருங்க" என்றாள். "அந்தக் கதை எழுதுனவரு பொம்பளையப் பார்த்திருக்காரான்னுதான் தெரியலீங்க."

அந்த நாலு வரியை இன்று நாற்பது வரியாக ஆக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் ரசனையில் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. கயிற்றுக் கட்டிலில்தான் இல்லை.

புதன்கிழமை தபாலில் நாவலாசிரியரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. என்னைப் போன்ற ரசிகர் கிடைத்தது அவர் பாக்கியமாம். இரண்டாம் பதிப்பு வருகிறதாம். பதிலுக்கு இந்த இதழையே அனுப்புகிறேன். தைல விளம்பரத்தை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் மீதிக் கதையை எழுதட்டும். தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம் — மத்தியானங்களில் பாவாயி எங்கள் வாசலில்தான் இருக்கிறாள்.