வச்சிரம் காயும்வரை

லோரன்ஸுக்குக் காலில் சக்கரம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். பழுதாகாததையும் சும்மா விடமாட்டார். ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைத் திறந்து நிறுத்திய புண்ணியவான் இவர்தான்.

அவர் கையில் சிக்கக்கூடாத ஒன்று வீட்டில் இருந்தது. மனைவி ஜீவராணியின் கிட்டார். நூறு வயதுக்குக் குறையாது. தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்துப் போட்டதை, ஆலைத் தச்சராயிருந்த அவளுடைய அப்பா தூக்கிவந்து சரிசெய்தார். இடுப்பு சிறுத்த உடம்பு, அப்பளம்போல் மெல்லிய முகப்பலகை, உள்ளே அதைத் தாங்க ஏணிப்படிபோல் குறுக்குச் சட்டங்கள். கழுத்துதான் விசேஷம். ஒல்லியாக, பின்புறம் படகின் அடிபோல் கூர்ந்திருக்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு விறைத்துப்போன அவள் மோதிர விரல் அந்தக் கழுத்தில் மட்டும்தான் கம்பியை எட்டும். ஞாயிறு பூசைக்கு அவள் வாசிப்பது அது ஒன்றைத்தான்.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்குச் சத்தம் பத்தாது என்று லோரன்ஸ் நைலோன் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் கம்பி கட்டினார். இரும்பின் இழுப்பைத் தாங்கச் செய்த சட்டங்களா அவை? தைப் பொங்கலுக்குள் முகப்பலகை உப்பி, கம்பிகள் விரலுக்கு எட்டாமல் மேலேறிவிட்டன.

"ஈரம் குடிச்சிருக்கு. வாட்டுனா சரியாயிரும்" என்றார். தேயிலைக்காரப் புத்தி. மெல்லிய காற்றில் கொழுந்து வாட்டும் மாடியில் அன்று இடமில்லை. பொறுத்திருக்கலாம், பொறுத்தால் அவர் லோரன்ஸ் இல்லையே. கீழே கொண்டுபோய்த் தூள் காயவைக்கும் டிரையர் பக்கத்தில் சாத்தினார். வேலை முடிந்து எடுத்தபோது பின்பலகை ஓரமெல்லாம் வாய் பிளந்திருந்தது. உள்ளே சட்டம் ஒன்று கழன்று கடகடத்தது.

ஜீவராணி அதை மடியில் வைத்து, பிளந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வாட்டாத கொழுந்த யாராவது நேரா அடுப்புல போடுவாங்களா?" என்றாள் பிறகு.

லோரன்ஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாளே டவுனுக்கு ஓடி, நொடியில் இறுகும் பசை வாங்கிவந்தார். மூடியைத் திருகப்போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பழசு, அப்பா மாட்டுத்தோல்ல காய்ச்சுன வச்சிரப் பசை. சூடு பட்டதும் விட்டுக்குடுத்துருச்சு, அதான் பலகை பொழச்சிருக்கு. இந்தப் பசை விடாது. அடுத்தவாட்டி நீங்க கை வெச்சா மரந்தான் கிழியும்."

"அடுத்தவாட்டியும் கை வெப்பேங்கிறியா?"

"வெப்பீங்க."

வச்சிரம் காய்ச்சிச் சட்டத்தைப் பொருத்தினார்கள். பின்பலகையை ஒட்டி, சைக்கிள் டியூப் கீற்றுகளால் இறுகச் சுற்றினார்கள். ஒரு வாரம் தொடக்கூடாது. அந்த வாரம் லோரன்ஸ் பட்டது நாய் படாத பாடு. லயத்து வீட்டு வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். முடிச்சைத் தொட்டுப் பார்க்கக் கை நீளும், அவள் இருமுவாள். ஒட்டாமல் போனால் இனி எதை வாசிப்பாள் என்ற பயம் அவருக்கு.

ஞாயிறு காலை கட்டுகளை அவிழ்த்தார்கள். ஒட்டியிருந்தது. உப்பலும் அமுங்கியிருந்தது. ஆனால் ஹட்டன் கடையில் சொல்லிவைத்த நைலோன் கம்பி இன்னும் வந்து சேரவில்லை. பூசைக்கு ஜீவராணி வெறுங்கையோடு போய்வந்தாள்.

மத்தியானம் லோரன்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பியில்லாத கழுத்தில் அவள் விரல்கள் பாட்டுக்கு ஏற்ப இடம் மாறிக்கொண்டிருந்தன, விறைத்த அந்த விரலும்தான். உதடு மட்டும் அசைந்தது.

நத்தாருக்குச் சத்தம் பத்தாது என்ற மனிதர் கதவோரமாக உட்கார்ந்தார். அந்தப் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.