முசியே அனுப்பிய சாமியானா

போன வாரம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் வண்டிக்குக் காற்றடிக்க நின்றேன். எதிரே ஒரு பிளெக்ஸ். முசியே கும்பிட்டபடி சிரிக்கிறார், நினைவு நாளாம். கீழே கொட்டை எழுத்தில் 'கேட்காமலே கொடுத்த கை'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரியை எழுதியவன் நான்தான். ஏதோ பள்ளிக்கூடத் திறப்பு விழா மலருக்கு, மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் எழுதிக்கொடுத்தது. இத்தனை வருஷம் கழித்து நடுரோட்டில் வந்து என்னை மடக்குகிறது.

அந்த இடத்தில் முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கில் ஏறும், தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. முசியேயின் சோப்புக் கம்பெனி. அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் வேலையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து சீட்டுக்காரரே மோந்து பார்த்துச் சொல்லிவிடுவார். முதலாளியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரெஞ்சுப் படிப்பு படித்த பழைய குடும்பம், அதனால் கூலிக்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா.

சோப்பு விற்றது பாதி நேரம்தான். மீதி நேரம் ஊருக்கு. யார் வீட்டில் ஆபரேஷன், எந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் என்று பார்ப்பார். அது போக, போராட்டம். புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து கேட்டு உட்கார்ந்தாலும் சரி, கனகசெட்டிக்குளத்து மீனவர்கள் கடலரிப்புக்குக் கல் கொட்டச் சொல்லி உட்கார்ந்தாலும் சரி, முதல் ஆளாக ஜமுக்காளத்தில் அவர்தான். மனு, மேடைப் பேச்சு, கோஷம் எல்லாம் எழுதித்தர நான். என் அம்மாவின் ஆபரேஷனையும் அவர்தான் செய்து வைத்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எவர் எதற்காக உட்கார்ந்தாலும் சாமியானா, ஜமுக்காளம், நீர்மோர் மூன்றும் முசியே வீட்டிலிருந்து போகும். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்த இடம், என்ன கோரிக்கை, யாரை எதிர்த்து.

ஒருநாள் காலை என் அண்ணன் இரண்டு பேரோடு முசியே வீட்டு வாசலில் வந்து நின்றான். எட்டு வருஷமாக அதே சோப்புக் கம்பெனியில், பேக்கிங்கில், காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவன்.

"சாமியானா வேணும்டா. நாளையிலேர்ந்து ஒக்காரப்போறோம்."

"எங்க?"

"கம்பெனி வாசல்ல. எங்கள பர்மனென்ட் பண்ணச் சொல்லி."

பேனாவை வைத்துவிட்டேன். "அண்ணே, அவர எதுத்து ஒக்கார அவருகிட்டயே பந்தல் கேக்குறீங்களா?"

"வேற எங்க கேக்குறது? எப்பவும் இங்கதான வாங்குறோம்" என்றார் கூட வந்தவர். நிஜமாகவே அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

நோட்டை உள்ளே கொண்டுபோய்க் காட்டினேன். முசியே படித்தார், வாய்விட்டுச் சிரித்தார். "எதுத்துன்ற எடத்துல எம்பேர எழுது. மோர்ல இஞ்சி தட்டிப் போடச் சொல்லு, வெயிலு கொளுத்துது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா என்று. அவ்வளவு வெகுளி நான்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னைத் தனியாகப் பிடித்தான். "நீ அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா. கூடவே இருக்கிற. நாளைக்கி கம்பெனிக்கு எதுனா ஆச்சின்னா நாங்க வெறுங்கையோட போவணும்." தலையாட்டினேன். ஆட்டிய தலை ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் முசியே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்தார். ஒவ்வொருவரையும் "சவா?" என்று நலம் விசாரித்தார். யார் மகள் நர்சிங் படிக்கிறாள், யார் மகனுக்குக் கால் சரியாயிற்று, எல்லாம் பெயரோடு தெரியும். எல்லாம் அவர் செய்தது. "ஒங்க கோரிக்க நியாயந்தாம்ப்பா, பாப்போம்" என்றார். பிறகு பேச்சு எப்படியோ டெல்லிக்குப் போனது. அவர் கையை உயர்த்தி மாநில அந்தஸ்து கோஷத்தைத் தொடங்கினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பழக்கதோஷம், அத்தனை பேரும் "வேண்டும்! வேண்டும்!" என்று கத்தினார்கள். சோப்புக் கம்பெனி வாசலில் அரைமணி நேரம் டெல்லியை எதிர்த்துப் போராட்டம். அதற்குப் பிறகு அதே வாயால் அவரை எதிர்த்து யார் கத்துவது? ஒவ்வொருவராக மோரைக் குடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் எதையும் மறுக்கவே இல்லை.

எழுந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ என்னாப்பா சொல்ற?"

அண்ணன் என் வாயைப் பார்த்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

"நல்லபடியா முடிஞ்சிடுச்சி முசியே."

"அப்ப பந்தலப் பிரிச்சி எடுத்தாந்துடு."

அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலிருந்த நிழலை நான்தான் அவிழ்க்க வேண்டும். முடிச்சு இறுகியிருந்தது, எனக்கு வரவில்லை. அவனே எழுந்து வந்து அவிழ்த்தான். "அந்தப் பக்கம் புடி. துணி மண்ணுல பொரளுது."

அந்தப் 'பாப்போம்' கம்பெனி மூடும்வரை நீடித்தது. மூடியபோது பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும் ஏதோ கிடைத்தது. அண்ணன் இப்போது ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேன். சோப்பு வாசனை அடித்த இடம் குடோன் ஆகிவிட்டது. முசியே போனபோது ஊரே அழுதது. நானும் அழுதேன், பொய்யாக அல்ல.

ஆனால் எனக்கு உண்மையாகத் தொலைந்துபோனது வேறு. அண்ணனும் நானும் அதுவரை எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்வோம். எந்த மந்திரிசபை கவிழும் என்பதிலிருந்து குழம்பில் மீன் தலை யாருக்கு என்பது வரை. அம்மா கரண்டியைத் தூக்கினால்தான் ஓய்வோம். அந்த நாளோடு அவன் என்னிடம் சண்டை போடுவதை விட்டுவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிடும்போது வேண்டுமென்றே சீண்டினேன். "முசியே மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறக்கப்போறதில்லண்ணே." சோற்றுக் கையோடு எழுந்து என்னை அறைவான் என்று காத்திருந்தேன்.

"ஆமாண்டா, நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு, மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தான்.