மும்பை நீதிமன்றமும் ஒரு சிவப்புக் குடமும்

என் கடையில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கணினி மேசைக்கும் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. கழுத்தில் நீளமாக ஒரு கீறல், அதன்மேல் சூடு வைத்து ஒட்டிய தழும்பு. திண்டிவனம் நீதிமன்றத்துக்கு எதிரில் பத்திரம் அடிக்கிற கடையில் குடத்துக்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "அதுதான் எங்க சீனியர் வக்கீல்" என்பேன். அதில் பாதிதான் பொய். நான் வக்கீலே இல்லை என்பது அந்தப் பாதி.

சட்டம் படிக்க இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் நீதித்துறை மயிரிழையில் தப்பித்துக்கொண்டது. அதன்பிறகுதான் விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வந்து இந்தக் கடையைத் திறக்க ஆரம்பித்தேன். 'வாடகை ஒப்பந்தம், பத்தே நிமிடம்' என்று பலகை வேறு. அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் கணினி விழித்தெழுவதற்கு. மிச்சம் ஒரு நிமிடம்தான் என் சட்டப்புலமை. இணையத்தில் எப்போதோ இறக்கி வைத்திருந்த ஒரு கோப்பைத் திறந்து, பேர்களை மட்டும் மாற்றி, அச்செடுத்துக் கொடுப்பேன்.

நர்ஸம்மா என்று நாங்கள் கூப்பிடுகிறவர் இந்தக் கடைக்கு வந்தது, புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்த சமயத்தில். கூடவே அவருக்கு வீட்டை வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரரும் வந்தார். அவர்தான் என் கடைக்கும் சொந்தக்காரர் என்பதால் நான் பாதி எழுந்து நின்றபடியே தட்டச்சு செய்தேன். நர்ஸம்மா பூனா, பெங்களூர், கொச்சி என்று மூன்று ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு, பிளஸ் டூ போகிற மகளோடு சொந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கையில் ஒரு பச்சைக் கோப்பு. அதற்குள் மூன்று மாநில வாடகை ஒப்பந்தங்கள். மற்றவர்கள் கல்யாண ஆல்பம் காட்டுவதுபோல அவர் அதைப் புரட்டிக் காட்டினார்.

"பூனாவுல வாடகைன்னு போடாம பதினோரு மாசத்துக்கு லைசன்ஸுன்னுதான் எழுதுவாங்க தம்பி. அத ரிஜிஸ்டர் பண்றது ஓனர் பொறுப்பு. பெங்களூர்ல அட்வான்ஸ் பத்து மாசம் கேட்டான். வீட்டுக்குக் கேக்கறானா, கிட்னிக்குக் கேக்கறானான்னு புரியல. கொச்சியில ரொம்ப பழைய சட்டம். இத்தன ஏன், இங்கேருந்து பஸ் ஏறி செக்போஸ்ட்ட தாண்டினா பாண்டிச்சேரிக்கு வேற சட்டம். ஆனா எந்தச் சட்டத்த எடுத்தாலும் ஒண்ணு இருக்கு. தண்ணிய, கரண்ட ஓனர் நிறுத்தக் கூடாது."

வீட்டுக்காரர் சிரித்தார். படித்த வாடகைதாரர் கிடைத்துவிட்டதில் அவருக்குப் பெருமை. நிரந்தர முகவரி கேட்டேன். மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் பேரைச் சொல்லி, காலனித் தெரு என்றார். என் விரல் நின்றது. வீட்டுக்காரர் அப்போது வாசலில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல, "ஊர் பேரு மட்டும் போதுங்களே" என்றேன்.

"போஸ்ட்மேன் லெட்டர எங்க குடுப்பாரு, ஊர் எல்லையிலயா? முழுசா அடிங்க தம்பி."

அடித்தேன். வீட்டுக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நர்ஸம்மா நைட் டியூட்டி முடித்து வந்த கண்ணோடு தண்ணீர், மின்சாரம், முன்பணம் மூன்றையும் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டார். பதிவையும் நானே இணையத்தில் முடித்தேன். அப்போது என்னைவிடத் திறமைசாலி இந்த மாவட்டத்தில் இல்லை.

ஆறு மாதம் கழித்து, ஏதோ வங்கி வேலைக்காக அந்த ஒப்பந்தத்தை எடுத்த வீட்டுக்காரர் முகவரியைப் படித்துவிட்டார். நேரே என் கடைக்கு வந்தார். "நர்சுன்னாங்க, குடுத்தேன். அந்தப் பக்கத்து ஆளுன்னு நீயாவது சொல்ல வேணாமாடா? என் சொந்தக்காரங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" நான் ஸ்டேப்ளரை அடித்துக்கொண்டிருந்தேன். அதில் தாள் எதுவும் இல்லை.

அடுத்த நாள் மோட்டார் பழுதாகிவிட்டது. நர்ஸம்மாவின் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் ஏறாத விசித்திரமான பழுது அது. பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பெண் தெருக்குழாயில் வரிசையில் நின்றாள். பரீட்சை முடிகிற வரைக்குமாவது வேறு வீடு பார்த்துப் போய்விடலாமே என்று நான் மத்தியஸ்தம் பேசப் போனேன். கோழை எப்போதும் மத்தியஸ்தனாகத்தான் கிளம்புவான்.

"பரீட்சை இல்லன்னாலும் போவ மாட்டேன் தம்பி. பூனாவுல இன்னா சமைப்பீங்கன்னு கேட்டான். பெங்களூர்ல நான்வெஜ்ஜான்னு கேட்டான். கொச்சியில எந்த சர்ச்சுன்னு கேட்டாங்க. இங்க எந்தத் தெருன்னு கேக்கறாங்க. சட்டந்தான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட்டு மாறுது, இந்தக் கேள்வி மாறவே மாட்டேங்குது. மூணு ஊர்ல நானே பெட்டியக் கட்டிட்டேன். இது என் ஊரு. இங்கேருந்து எங்க போவறது?"

வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற அதிகாரியிடம் மனு கொடுத்தார். விசாரணைக்கு முதல் நாள் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். வழக்குகள் அனைத்தும் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை என்று அங்கே இருந்தது. இறக்கிய கோப்பு அந்த ஊருடையது. பேர்களை மாற்றிய நான் இந்த வரியைப் பார்த்ததே இல்லை.

"அந்தம்மா பூனாவுலேருந்து கொண்டாந்த பேப்பரு, அதயே அடிச்சிக் குடுன்னு என்னை ஏமாத்தினாங்கன்னு சொல்லிடு. ஒப்பந்தமே செல்லாது, வெளிய போன்னு முடிச்சிடலாம். கடை ஞாபகம் இருக்கட்டும்."

இரண்டு பிள்ளைகள், ஒரு கடன், ஒரு கடை. அன்று இரவு அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். நாளைக்கு வயிற்றுப்போக்கு என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பயத்தில் காலையில் நிஜமாகவே வந்துவிட்டது. அதையும் அடக்கிக்கொண்டு போனேன்.

நர்ஸம்மா வெள்ளைச் சீருடையில், இடுப்பில் காலியான சிவப்புக் குடத்தோடு கடைத்தெரு வழியாக நடந்து வந்தார். "இன்னா சிஸ்டர், தண்ணி லாரி ஆபீசுக்கா வருது?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "இன்னிக்கி அங்கதான் வருது. வேணும்னா நீங்களும் குடம் எடுத்தாங்க" என்றார். அதிகாரியின் மேசைமேல் குடத்தை வைத்தார். "இது பத்து நாளா காலிங்க ஐயா." சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார். வீட்டுக்காரர் தன் மும்பைக் கதையைச் சொல்லி முடித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸம்மா மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன்.

"அத அடிச்சது நான்தாங்க ஐயா. அவங்க எந்தப் பேப்பரும் குடுக்கல. இன்டர்நெட்ல எடுத்தேன். பேர மாத்தினேன், ஊர மாத்தல."

"எத்தனை பேருக்கு இப்படி அடிச்சிருக்கீங்க?"

"திண்டிவனத்துல பாதிப் பேரு இப்ப மும்பைதாங்க ஐயா."

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு குடத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. வீடும் குழாயும் திண்டிவனத்தில் இருக்கும்போது விசாரணையும் இங்கேதான், சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஏற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மோட்டார் மதியமே குணமாகிவிட்டது.

வாசலில் வைத்தே வீட்டுக்காரர் என்னிடம், "நாளைக்கே கடையக் காலி பண்ணுடா" என்றார். நர்ஸம்மா நின்றார். "கடைக்கும் அதே சட்டம்தாங்க. கேசு போட்டுட்டு வாங்க." அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க ஒப்பந்தம் எங்க தம்பி?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் அடித்தவனுக்குத் தன் கடைக்கு ஒன்று இல்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பேங்க்ல வாடகை கட்டின சீட்டு இருக்கில்ல? அதப் புடிச்சிக்கினு உக்காருங்க. பயந்தீங்கன்னா போச்சு."

உட்கார்ந்தேன். ஒரு வருடம் முறைத்துவிட்டு வீட்டுக்காரரே வந்து எனக்கு ஒப்பந்தம் போட்டார். ஒவ்வொரு வரியாக, மும்பை இருக்கிறதா என்று தேடிப் படித்தார்.

நர்ஸம்மா அந்த வீட்டில் நான்கு ஆண்டுகள் இருந்தார். மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்த பிறகு, தானே தேதி குறித்து, தானே சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். போகிற வழியில் குடத்தை இங்கே இறக்கி வைத்தார். "தேவப்பட்டா தூக்கிக்கினு போங்க." முதல் வாரமே கீழே போட்டு உடைத்தவன் நான். அந்தத் தழும்பு என் கைவண்ணம்.

போன வாரம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. வீட்டுக்காரரின் இன்னொரு வீட்டுக்குத்தான். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிரந்தர முகவரி கேட்டேன். பையன் மனைவியைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான். "ஊர் பேரு மட்டும் போதுமாண்ணே?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார்.

"தெருப் பேரோட முழுசா சொல்லு தம்பி" என்றேன், அவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே.