முருங்கைக்கு ஊற்றிய வாழைத்தண்டுச் சாறு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய மகன், என் மருமகன், கேட்டார். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறு எதுவும் இல்லை. என்னைப் பற்றி எழுதத்தான் நல்லது குறைவாக இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரித் தண்ணீர் பாயும் எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அம்மா வெற்றிலை கிள்ளக் கொடிக்காலுக்குப் போய்விடுவார் என்பதால் என்னை இடுப்பில் சுமந்ததும் சோறூட்டியதும் அக்காதான். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றதற்குக் காரணம் நான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார். மச்சான் சிறுநீரகம் பழுதாகிக் காலமானபோது மருமகனுக்குக் கல்லூரிப் படிப்புகூட முடியவில்லை. வாழைத் தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்து மகனை ஆளாக்கினார்.

மச்சான் போனதிலிருந்து அக்காவுக்கு மாத்திரை என்றாலே ஆகாது. சர்க்கரைக்குத் தின்ற மாத்திரைதான் மச்சானைத் தின்றுவிட்டது என்று உறுதியாக நம்பினார். அப்படியில்லை என்று மருத்துவர் எடுத்துச் சொல்லியும் காதில் ஏறவில்லை. தனக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தபோதும், மகனின் நச்சரிப்புக்காக மட்டுமே மாத்திரை போட்டுக்கொண்டார்.

பிறகு எனக்கும் கொதிப்பு வந்தது. ஊரில், அக்கா வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் குடியிருந்துகொண்டு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை நடத்துகிறவன் நான். காலையில் டீயும் வடையும், பத்து மணிக்கு மறுபடி டீயும் வடையும் என்று வளர்ந்த உடம்பு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சேதி காதுக்குப் போன மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா மூடி போட்ட தூக்குப்போசியோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

“மாத்திரையெல்லாம் வேண்டாஞ் சாமி. உன்ற மச்சானுக்கு ஆனது போதும். வாழத்தண்டு ஜூசு இது. வெறும் வயித்துல குடி.”

தார் வெட்டிய மரத்தின் தண்டை வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்திலும் இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போட்டு, இஞ்சியும் சீரகமும் சேர்த்து அடித்து வடிகட்டுவார். சில நாள் வெண்பூசணி வரும், சில நாள் கேரட்டும் பீட்ரூட்டும். எதுவாக இருந்தாலும் எனக்கு முதல் வாயிலேயே குமட்டியது. “அப்பறம் குடிக்கறேன்” என்று வாங்கி வைத்து, அவர் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்தின் தூரில் ஊற்றினேன். ஒரு நாள் ஊற்றியது தினமும் பழகிவிட்டது. மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினேன். அக்காவிடமோ மாத்திரையை விட்டுவிட்டேன், சாறு மட்டும்தான் என்று சொல்லி வைத்தேன். தினமும் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்ற சோம்பல்தான் காரணம்.

“பாவமுங்க, விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சுப் பண்றாங்க,” என்றார் என் மனைவி.

“நீ உன்ற வேலையப் பாரு,” என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்த வருடம் முருங்கை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அக்காவே நாலு காய் பறித்துப் போய்க் குழம்பு வைத்து, ருசி அபாரம் என்று எனக்கும் கொடுத்தனுப்பினார்.

குலதெய்வக் கோயில் பொங்கலன்று, பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அக்கா என்னைக் கூப்பிட்டார். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள்.

“என்ற தம்பியக் கேளுங்க. ஒத்த மாத்திரை கெடையாது, ஜூசு ஒண்ணுதான். கொதிப்பு எறங்கிப் போச்சு. ஏஞ்சாமி, நீயே சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க,” என்றேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்று விருந்தே கிடைத்திருந்தது. சபையில் அக்கா முகம் வாடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில், முருங்கைக் கதை வெளியே வந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் பயந்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை போசி வரவில்லை. மருமகனின் போன்தான் வந்தது. “மாமா, அம்மா சமையக்கட்டுல உழுந்து கெடக்கறாங்க. ஓடியாங்க.”

ஓடினேன். அரிவாள்மனைக்குப் பக்கத்தில், அரிந்த தண்டு கறுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் வலது ஆள்காட்டி விரலில் நார் சுற்றியபடியே இருந்தது. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அதைக் கத்தரித்து எடுத்தார். பக்கவாதம் என்றார்கள். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

மாற்றுச் சேலை எடுக்கப் பீரோவைத் திறந்த மருமகன், அடித்தட்டிலிருந்த மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். மாதாமாதம் அவர் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“கோயில் பொங்கலோட நிறுத்திட்டாங்க போல மாமா. தம்பிக்கே ஜூசுலதான் செரியாச்சுன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்று மருத்துவரும் சொன்னார். என் மாத்திரை அட்டை அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, வீடு திரும்பியிருந்த அக்கா வாயால் குடிக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மருமகன் ஏற்றுக்கொண்டார். காலைச் சாற்றை நான் செய்கிறேன் என்றேன். முதல் நாள் நாரைச் சரியாக எடுக்காமல் போட்டதில் அது மிக்சி பிளேடில் சுற்றிக்கொண்டது. கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

டம்ளரை நீட்டினால் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கு மிஞ்சியிருந்தவை இரண்டே வார்த்தைகள். ஒன்று “சாமி”, இன்னொன்று “குடி”. நான் குடித்து, என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் குடிப்பார். அக்கா வீட்டில் முருங்கை மரம் கிடையாது. முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அடுத்த வாரம் இஞ்சியின் காரம் பிடித்தது. அப்புறம் துவர்ப்புக்குப் பின்னால் வயிற்றில் பரவும் குளுமை. ஒரு நாள் வேலையாக விடியலிலேயே கரூர் போனவன், பத்து மணி டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். சாறு குடிக்காத காலை காலையாகவே இல்லை. இதையா இத்தனை நாள் மண்ணில் கொட்டினோம் என்று பஸ் ஸ்டாண்டில் நின்றபடி கூசிப்போனேன்.

மறுநாள் காலை, “அக்கா, ஒண்ணு சொல்லோணும்,” என்று ஆரம்பித்தேன். அவர் இடது கையை மெல்லத் தூக்கி, என் மீசையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டார். நான் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டேன். அன்று விட்டது விட்டதுதான். எட்டு மாதம் படுக்கையில் இருந்தவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்கா மேல் போர்த்திவிட்டு, அதன் மடிப்பை நான் திரும்பத் திரும்ப நீவியதைப் பார்த்துப் பாசம் என்றீர்கள். அது பாசம் மட்டும் இல்லை.

போன மாதம் மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அம்மாகிட்டச் சொல்லியிருக்கோணும் மாமா,” என்றார். பிறகு, “மலர்ல எழுதிருங்க. கோயில்ல கேட்டவங்க எத்தன பேரோ,” என்றார்.

அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்க முறை வைத்து வந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், மருத்துவமனையிலிருந்து வந்து கை கால் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கும், எங்கள் தோட்டத்தில் தண்டு தீர்ந்த நாட்களில் கேட்காமலே வெட்டிக் கொண்டுவந்து வைத்தவர்களுக்கும், அன்றைக்கே சரியானதைச் சொன்ன என் மனைவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

பொங்கலன்று நான் சொன்ன அந்த “ஆமாங்க”வை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து இன்றே மருத்துவரிடம் போங்கள். காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் சாறு நிச்சயம் உண்டு. என் கையால், நார் இல்லாமல் செய்து தருவேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்காவிடம் நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது.